திருகோணமலையிலிருந்து மருத்துவ பீடத்துக்கு: மாணவரும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது யாருக்காக எழுதப்பட்டது?

குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போக நினைக்கிற பிள்ளைக்கு. வெருகல், ஈச்சிலம்பற்று, சம்பூர், தோப்பூர், குச்சவெளி, தம்பலகாமம் என்று திருகோணமலை நகரத்துக்கு வெளியே இருந்து படிக்கிறவர்களுக்கு. தகப்பன் கடலுக்குப் போகிற வீடு, தாய் மத்திய கிழக்கில் வேலை செய்கிற வீடு, இடம்பெயர்ந்து திரும்பி வந்து மறுபடி கூரை போட்ட வீடு, வெருகல், மூதூர்ப் பக்கத்துப் பூர்வகுடிக் குடும்பங்கள் எல்லாம் இதில் அடங்கும்.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2003இல் ஒரு வரையறை கொண்டுவந்தது. நாட்டின் சனத்தொகையில் ஒரு பிரிவுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறதோ, அதைவிடக் குறைவாக அந்தப் பிரிவினர் மருத்துவர்களிடையே இருந்தால், அவர்களைப் பிரதிநிதித்துவம் குறைந்தவர்களாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இதே அளவுகோலை எங்கள் மாவட்டத்தில் வைத்துப் பார்த்தால், இடைவெளி இனத்தோடும் மதத்தோடும் மட்டும் போகவில்லை. நகரத்திலிருந்து எவ்வளவு தூரம், வீட்டில் எவ்வளவு காசு, பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இருக்கிறாரா என்பவற்றோடும் சேர்ந்தே போகிறது. பல வருடங்களாக இந்த மாவட்டத்தின் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவர் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இந்தப் பிள்ளைகளிடம் மூளைக்குக் குறைவில்லை. அவர்களுக்குக் கிடைக்காதவை ஒரு சில பாடங்களுக்கு ஆசிரியர், சரியான நேரத்தில் சரியான தகவல், அந்த வழியில் முன்பே போய்வந்த ஒரு ஆள். கீழேயுள்ள பதில்கள் எல்லாம் இந்த மூன்றையும் எப்படித் தேடிக்கொள்வது என்பதைப் பற்றியவை.

எங்கள் ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவே இல்லை. சாதாரண தரம் முடித்த பிறகு என்ன செய்வது?

உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டும். அவை நகரத்திலும் மூதூர், கிண்ணியா, கந்தளாய் போன்ற இடங்களிலும்தான் சேர்ந்திருக்கின்றன. ஆகவே பதினாறு, பதினேழு வயதில் தினமும் பஸ்ஸில் போய்வருவதா, உறவினர் வீட்டில் தங்குவதா என்ற முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததும் அதற்குப் பிறகு மூதூர் வீதிப் பாலங்கள் வந்ததும் இந்தப் பயணத்தை நிறையவே சுருக்கிவிட்டன. ஆனாலும் வெருகலிலிருந்து நகரத்துக்குத் தினசரிப் பயணம் செய்துகொண்டு உயிரியல் படிப்பது ஒரு பிள்ளையை உலர்த்திவிடும். முடிந்தால் கிழமை நாட்களில் பாடசாலைக்குப் பக்கத்தில் தங்க ஏற்பாடு செய்யுங்கள்.

பாடசாலை மாறும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போனால் நல்ல ஆசிரியர் கிடைப்பார் என்று சிலர் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். பல்கலைக்கழகத் தெரிவில் உங்கள் மாவட்டம் எது என்று தீர்மானிக்கும்போது நீங்கள் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதும் கணக்கில் வரும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைநூலில் அந்தப் பகுதியை வாசித்த பிறகு விடுகைப் பத்திரம் எடுங்கள்.

பாடத் தெரிவில் கவனிக்க வேண்டியது என்ன?

மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் கட்டாயம். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தால், மூன்றிலும் ஏ எடுத்தாலும் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இது தெரியாமல் போன பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். "பௌதிகவியலுக்கு ஆள் இல்லை, இதை எடுங்கோ, லேசா பாஸ் பண்ணலாம்" என்று பாடசாலையில் அன்போடுதான் சொல்வார்கள். வேறு கற்கைநெறிகளுக்கு அது நல்ல பாடமே. மருத்துவம்தான் வேண்டும் என்றால் வேண்டாம்.

இவற்றோடு பொதுச் சாதாரண வினாத்தாளில் குறைந்தது 30 புள்ளி எடுக்க வேண்டும். இதற்காகத் தனி வகுப்புப் போக வேண்டியதில்லை. பழைய வினாத்தாள்கள் சிலவற்றைச் செய்து பார்த்தால் போதும்.

இசட் புள்ளி என்றால் என்ன? ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள்.

ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் பிரிப்பது. மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கண்டு, அவற்றின் சராசரியை எடுத்தால் உங்கள் இசட் புள்ளி. சுருங்கச் சொன்னால், நீங்கள் எவ்வளவு எடுத்தீர்கள் என்பதைவிட, அதே பரீட்சை எழுதிய மற்றவர்களை விட எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது.

விளங்குவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். பௌதிகவியலில் சராசரி 35, நியம விலகல் 15. இரசாயனவியலில் சராசரி 40, நியம விலகல் 20. நீங்கள் இரண்டிலும் 65 எடுக்கிறீர்கள். பௌதிகவியலில் உங்களுக்கு 2.0 வருகிறது, இரசாயனவியலில் 1.25 தான். ஒரே 65, ஆனால் பெறுமதி வேறு. பெரும்பாலானோர் தடுமாறும் பாடத்தில் நீங்கள் கொஞ்சம் உயர்ந்தாலே மொத்தம் நன்றாக ஏறும். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் பலர் பௌதிகவியலை "எஸ் எடுத்தால் போதும்" என்று ஓரமாக வைத்துவிட்டு உயிரியலையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். உயிரியலில் ஏற்கெனவே 75 எடுப்பவருக்கு இன்னும் ஐந்து புள்ளி கூட்டுவது கடினம். பௌதிகவியலில் 40 எடுப்பவர் 55க்கு வருவது அவ்வளவு கடினமில்லை, அதுதான் இசட் புள்ளியை நகர்த்தும். என் மாணவர்களிடம் நான் அதிகம் சண்டை பிடிப்பது இந்த விடயத்தில்தான்.

மாவட்ட அடிப்படை எப்படி வேலை செய்கிறது?

மருத்துவ இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதனால்தான் எங்கள் வெட்டுப்புள்ளி கொழும்பு, மாத்தறை, யாழ்ப்பாணம் போன்ற மாவட்டங்களைவிடப் பொதுவாகக் குறைவாக வருகிறது. அதே நேரம் எங்கள் மாவட்டத்தின் சனத்தொகை சிறியது என்பதால் கிடைக்கும் இடங்களும் குறைவு. வெட்டுப்புள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை மிகச் சிறிய வித்தியாசம் தீர்மானித்துவிடும்.

இந்த முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. கோட்டா மாவட்டத்தை மட்டுந்தான் பார்க்கிறது, மாவட்டத்துக்குள்ளே பார்க்காது. நகரத்தில் மூன்று பாடத்துக்கும் ஆசிரியரும் மாலையில் வகுப்பும் உள்ள பிள்ளையும், ஈச்சிலம்பற்றிலிருந்து வரும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன, வலயத்துக்கு இத்தனை இடம் என்ற பேச்சு இல்லை. விதியை மாற்றுவது எங்கள் கையில் இல்லை. ஆனால் வெளி வலயங்களில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் உதவி போக வேண்டும் என்று ஆசிரியர்களும் பழைய மாணவர் சங்கங்களும் தீர்மானிக்கலாம். கருத்தரங்கு வைப்பதென்றால் ஒவ்வொரு முறையும் நகர மண்டபத்திலேயே வைக்காமல் மூதூரிலும் புல்மோட்டையிலும் வையுங்கள்.

கோட்டாவில் போனால் அங்கே குறைவாகப் பார்ப்பார்களா?

சிலர் சொல்லிக் காட்டலாம். அப்படி நடப்பதில்லை என்று சொல்லி நான் மறைக்க மாட்டேன். ஆனால் பீடத்துக்குள் போன பிறகு கோட்டா என்று எதுவும் கிடையாது. எல்லோருக்கும் அதே வினாத்தாள், அதே சித்தி மட்டம், அதே வார்ட். ஐந்து வருடப் படிப்பு, பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி, இலங்கை மருத்துவ சபையில் பதிவு என்ற வழியில் யாருக்கும் குறுக்குப் பாதை இல்லை. ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள பாடசாலையில் இசட் புள்ளி 2.1 எடுத்த பிள்ளையும், அவை இல்லாத இடத்தில் 1.7 எடுத்த பிள்ளையும் என்று வைத்தால், இரண்டாவது பிள்ளை தானாகவே படிக்கப் பழகிவிட்டது. பீடத்தில் தேவைப்படுவது அந்தப் பழக்கம்தான்.

பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. தனியாகப் படித்துக் கரை சேர முடியுமா?

முடியும், ஆனால் ஒழுங்கு வேண்டும்.

முதலில் கணிதம். உயிரியல் பிரிவில் கணித பாடம் இல்லாததால் சாதாரண தரக் கணிதத்தோடு பலரும் கையைக் கழுவிவிடுகிறார்கள். திரிகோண கணிதம், மடக்கை, காவிகள், வரைபின் படித்திறன் இவை தெரியாமல் பௌதிகவியலில் முதல் அலகிலேயே மூச்சு முட்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கும் முன்னர் உள்ள இடைவெளியில் இதை முடித்துவிட வேண்டும். கணிதப் பிரிவில் படிக்கும் அண்ணன், அக்கா யாராவது பக்கத்தில் இருந்தால் சில கிழமைகளில் சொல்லித் தந்துவிடுவார்கள்.

அடுத்தது, தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும் வள நூல்களும். இணையத்தில் இலவசமாகத் தமிழில் இருக்கின்றன. எந்த அலகில் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லும் புத்தகம் அது. ஆசிரியர் இல்லாத பிள்ளைக்கு அதுவே ஆசிரியர்.

சூம் வகுப்பு ஒன்று எடுங்கள். ஒன்றே ஒன்று. மூன்று பேரிடம் ஒரே அலகைக் கேட்பது படித்த மாதிரி ஒரு நிம்மதியைத் தரும், புள்ளி தராது. டேட்டா பிரச்சினை என்றால் வகுப்புப் பதிவை ஒருவர் இறக்கி மற்றவர்களுக்குக் கொடுக்க ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். வீட்டு நிலையைச் சொன்னால் கட்டணத்தை விட்டுக்கொடுக்கும் ஆசிரியர்களும் உண்டு, கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

பழைய வினாத்தாள்களை வருட வாரியாகச் செய்வதைக் கடைசி மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அலகு வாரியாகச் செய்ய வேண்டும். பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடல் திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்று பாருங்கள். முதல் பகுதியில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. ஆகவே கடிகாரம் வைத்துச் செய்யாத பயிற்சி பாதிப் பயிற்சிதான்.

செய்முறைதான் உண்மையான சிக்கல். அமைப்புக் கட்டுரை வினாக்களில் பரிசோதனை சார்ந்த கேள்வி நிச்சயம் வரும், வேணியர் இடுக்கிமானியைக் கையில் பிடிக்காத பிள்ளைக்கு அது வெறும் மனப்பாடமாகிவிடும். பக்கத்துப் பெரிய பாடசாலையின் அதிபருக்கு உங்கள் அதிபர் மூலம் ஒரு கடிதம் கொடுத்து, சில சனிக்கிழமைகளுக்கு ஆய்வுகூடத்தைக் கேளுங்கள். நான் பார்த்தவரை, முறையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

தனியாகப் படிப்பது நல்லதா, கூட்டாகப் படிப்பது நல்லதா?

இதற்கு அமெரிக்காவில் நல்ல பதில் ஒன்று கிடைத்திருக்கிறது. 1970களில் பேர்க்லியில் யூரி டிரெய்ஸ்மன் என்ற கணித ஆசிரியர், நன்றாகப் படித்துப் பல்கலைக்கழகம் வந்த கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் மட்டும் ஏன் விழுகிறார்கள் என்று தேடினார். குடும்பத்தில் அக்கறை இல்லை, ஊக்கம் இல்லை என்று மற்றவர்கள் சொன்ன காரணம் எதுவும் பொருந்தவில்லை. அவர்கள் கடுமையாகத்தான் படித்தார்கள், ஆனால் தனித்தனியாக அறையைப் பூட்டிக்கொண்டு படித்தார்கள். அதே வகுப்பின் சீன வம்சாவளி மாணவர்கள் கூடியிருந்து விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் பிழையை மற்றவர் பிடித்தார்கள். டிரெய்ஸ்மன் செய்தது என்ன? பலவீனமான மாணவருக்கென்று இலகுவான வகுப்பு வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டமாக உட்காரவைத்தார். பெறுபேறு மாறியது.

நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் உள்ள சேவியர் பல்கலைக்கழகமும் இப்படித்தான். பெரிய பணமோ பெயரோ இல்லாத சிறிய நிறுவனம், ஆனால் கறுப்பின மாணவர்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புவதில் அந்த நாட்டிலேயே முன்னணியில் இருந்துவருகிறது. சக மாணவர் சக மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே பாடத்திட்டத்தோடு பின்னியிருக்கிறது.

எங்கள் பல்கலைக்கழகங்களில் இதற்குக் குப்பி என்று பெயர். பரீட்சைக்கு முதல் இரவு சீனியர் ஒருவர் பலகையில் எழுதி விளக்குவது. அதை ஏன் பன்னிரண்டாம் வகுப்பிலேயே தொடங்கக்கூடாது? நாலைந்து பேர் போதும், பத்துப் பேர் சேர்ந்தால் அது அரட்டை ஆகிவிடும். ஒவ்வொருவரும் ஒரு தலைப்பை எடுத்துப் படித்து வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் இடம் இருக்க வேண்டும். "இவன் என் போட்டியாளன், குறிப்புக் கொடுக்கக் கூடாது" என்ற எண்ணம் எங்கள் பிள்ளைகளிடம் அதிகம், பெற்றோரிடம் இன்னும் அதிகம். போட்டி முழு மாவட்டத்தோடும் இருக்கிறது, பக்கத்து மேசையில் இருப்பவரை ஒளித்து எதுவும் ஆகப்போவதில்லை.

முதல் தடவை கிடைக்கவில்லை. செகண்ட் ஷை எடுக்கலாமா?

உயர்தரத்தை மூன்று தடவைகள் எழுதலாம். மருத்துவ பீடத்தில் இருப்பவர்களில் இரண்டாம், மூன்றாம் தடவையில் வந்தவர்கள் நிறையப் பேர். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் எடுப்பதா வேண்டாமா என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யாமல், புள்ளியை வைத்து முடிவு செய்யுங்கள். வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட நிற்கிறீர்களா? எந்தப் பாடம் இழுத்தது? அந்தப் பாடத்தில் இந்த முறை எதை மாற்றப்போகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அதே ஆசிரியர், அதே குறிப்பு, அதே பெறுபேறுதான் வரும்.

இன்னொன்று. முதல் தடவைப் பெறுபேற்றில் வேறு கற்கைநெறி கிடைத்து, அதற்குப் பதிவு செய்துவிட்டால், அடுத்த பெறுபேற்றை வைத்து மறுபடி விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பதிவுக் கட்டணம் செலுத்தும் முன் கைநூலின் அந்த விதியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசியுங்கள்.

நான் ஏற்கெனவே வேறு பட்டம் படிக்கிறேன். அங்கிருந்து மருத்துவத்துக்கு மாறலாமா?

அமெரிக்காவில் முதலில் நான்கு வருடப் பட்டம், பிறகு எம்கெட் என்ற நுழைவுப் பரீட்சை, அதன் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அங்கே முதலாம், இரண்டாம் வருடப் பட்டப்படிப்பு மாணவருக்குக் கோடை விடுமுறையில் இலவசத் தயார்ப்படுத்தல் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பிரித்தானியாவில் லண்டன் கிங்ஸ் கல்லூரி 2001இலிருந்து, பின்தங்கிய பாடசாலைகளிலிருந்து வருவோருக்காக ஆறு வருட மருத்துவப் படிப்பு ஒன்றை நடத்துகிறது. முதல் கட்டத்தைக் கொஞ்சம் மெதுவாகக் கற்பிக்கிறார்கள், வெளியே வரும்போது எல்லோரோடும் ஒரே பட்டம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

இலங்கை அரச பல்கலைக்கழகங்களில் இந்த வாசல் இல்லை. எம்பிபிஎஸ்சுக்கு உயர்தரம்தான் வழி. உயிரியல் விஞ்ஞானமோ தாதியியலோ படிக்கும் பிள்ளையை "எப்படியும் மாறலாம்" என்று நம்பவைப்பது பாவம். அதே நேரம், நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் தொழில் மருத்துவர் தொழில் மட்டும் இல்லை. தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம் எல்லாம் பட்டப்படிப்புகளாக இருக்கின்றன. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவப் பட்டம் படிக்கலாம். வெளிநாட்டுத் தனியார் மருத்துவக் கல்லூரிக்குப் போவதென்றால், அந்தக் கல்லூரியை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா என்று சபையிடமே கேளுங்கள், முகவரிடம் அல்ல. திரும்பி வந்து, இங்கே மருத்துவராகப் பதிவு பெறுவதற்கான ஈஆர்பிஎம் பரீட்சையும் எழுத வேண்டும்.

பீடம் கிடைத்துவிட்டது. தொடங்கும் வரை சும்மா இருக்கலாமா?

பெறுபேறு வந்து பீடத்தில் முதல் நாள் வரை பல மாதங்கள் போகும், சில வேளை ஒரு வருடத்துக்கும் மேலே போகும். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள், அது உங்கள் உரிமை. அப்புறம் ஆங்கிலம்.

எல்லா மருத்துவ பீடங்களிலும் விரிவுரை, பரீட்சை, வார்ட்டில் பேராசிரியரின் கேள்வி என்று எல்லாமே ஆங்கிலத்தில்தான். மட்டக்களப்பில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலும் அப்படியே. தமிழில் மூன்று ஏ எடுத்த பிள்ளை முதல் மாதம் வாயைத் திறக்காமல் பின் வரிசையில் இருப்பதும், கேட்டால் பிழையாகிவிடும் என்று பயந்து விளங்காததையெல்லாம் சேர்த்துவைப்பதும், முதல் பெரிய பரீட்சையில் தடுக்கி விழுவதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை. அந்தப் பிள்ளைக்குப் பாடம் தெரியும். தெரிந்ததை வெளியே எடுக்க வாய் வரவில்லை.

இலக்கணப் புத்தகத்தோடு தொடங்க வேண்டாம். உயிரியல் வள நூல் ஆங்கிலத்திலும் இருக்கிறது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அத்தியாயத்தை, உதாரணமாகக் குருதிச் சுற்றோட்டத்தை, அந்த ஆங்கிலப் புத்தகத்தில் வாசியுங்கள். விடயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் வசனங்கள் தாமாகவே பிடிபடும். பிறகு புத்தகத்தை மூடி, இதயம் எப்படி வேலை செய்கிறது என்று ஐந்து நிமிடம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கைபேசியில் பதிந்து கேளுங்கள். முதல் நாட்களில் கூச்சமாகத்தான் இருக்கும். இதைத் தினமும் செய்தால் சில மாதங்களில் பெரிய வித்தியாசம் தெரியும். சில பீடங்கள் தொடக்கத்தில் ஆங்கிலப் பாடநெறி நடத்துகின்றன, அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கூடவே சிங்களம். காலி, ராகம, அநுராதபுரம் என்று எங்கே போட்டாலும் நோயாளி பேசுவது சிங்களத்தில். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, சாப்பிட்டீர்களா என்று கேட்கத் தெரியாமல் நோயாளியின் கதையை எடுக்க முடியாது. பிற்காலத்தில் திருகோணமலை வைத்தியசாலையில் வேலை செய்தாலும் மூன்று சமூகத்தவரும் உங்கள் முன்னால் வந்து உட்காரப்போகிறார்கள். மூன்று மொழியும் பேசுகிற அயல் எங்களுக்கு இருக்கிறது. கந்தளாயிலோ சேருவிலவிலோ ஒரு நண்பர் இருந்தால் அவரோடு பேசிப் பழகுங்கள்.

முதல் வருடத்தில் எது கடினம்?

அளவு. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனம் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழும். உயர்தரத்தில் இரண்டு வருடம் ஒரு பாடத்திட்டத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பழகியவருக்கு, ஒரு கிழமையில் ஒரு கை முழுவதையும் முடித்துவிட்டு அடுத்த கிழமை காலுக்குப் போவது அதிர்ச்சியாக இருக்கும். அன்றன்று படித்தால் சமாளிக்கலாம், சேர்த்துவைத்தால் முடியாது. பரீட்சையும் எழுத்தோடு நிற்காது. மேசை மேசையாகப் போய் மாதிரியைப் பார்த்து எழுதுவது, பரீட்சகர் முன்னால் இருந்து வாய்மொழியாகப் பதில் சொல்வது என்று புதிய வகைகள் வரும்.

பிரேத அறுவைக் கூடத்துக்குப் பயப்படுவதாகப் பலர் சொல்கிறார்கள். தலை சுற்றுவதும் இரண்டு நாள் சோறு இறங்காமல் இருப்பதும் சாதாரணம், அதனால் நீங்கள் மருத்துவத்துக்குப் பொருத்தமில்லை என்று ஆகாது. ஒருவர் தன் உடலை நீங்கள் படிப்பதற்கென்று கொடுத்திருக்கிறார் என்ற மரியாதையோடு நில்லுங்கள், பயம் போய்விடும்.

பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பப் பயமாக இருக்கிறதே?

இந்தக் கேள்வியோடு வரும் தாய்மாரை நான் மதிக்கிறேன். போரும் இடம்பெயர்வும் பார்த்த ஊரில் பயம் இல்லாமல் இருக்காது. முதல் வருடத்தில் பொதுவாகப் பல்கலைக்கழக விடுதி கிடைக்கும், பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாளர் இருப்பார். அதே பீடத்தில் படிக்கும் எங்கள் மாவட்டத்து அக்காமார் ஒருவரையாவது முன்கூட்டியே கண்டுபிடித்து, தாயும் மகளும் சேர்ந்து அவரோடு பேசுங்கள். நான் எவ்வளவு விளக்கினாலும் தீராத சந்தேகம் அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடுகிறது. விண்ணப்பத்தில் மட்டக்களப்பை முதலாவதாகப் போடுவதும் ஒரு வழி. ஆனால் பயத்துக்காக மற்றப் பீடங்களை எழுதாமல் விடாதீர்கள். ஒரு கற்கைநெறியும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்ததுதான் ஒரு யூனிகோட். மருத்துவத்துக்குரிய எல்லா யூனிகோட்டையும் வரிசையாக எழுதிய பிறகே அடுத்த கற்கைநெறிக்குப் போக வேண்டும்.

எவ்வளவு செலவாகும்?

அரச பீடங்களில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. விடுதிக் கட்டணம் சிறியது. மகாபொல புலமைப்பரிசிலும் உதவுதொகையும் உண்டு, குடும்ப வருமானம் குறைந்தவர்கள் விண்ணப்பிக்கத் தவறக்கூடாது. கிராம சேவையாளர் உறுதிப்படுத்திய வருமானப் பத்திரத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சாப்பாடு, பயணம், மடிகணினி ஆகியவைதான் உண்மையான செலவு. புத்தகமும் எலும்புத் தொகுதியும் சீனியர்களிடம் கைமாறும், புதிதாக வாங்க வேண்டியதில்லை.

உயர்தர வகுப்புக் காசுக்காக நுண்கடன் எடுக்காதீர்கள். கிழக்கில் அந்தக் கடன் எத்தனை வீடுகளைக் குலைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளை மேசையில் இருக்கும்போது வாசலில் கடன்காரர் நின்றால் படிப்பு ஏறாது.

பகிடிவதை?

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரடியாக முறையிடலாம். மருத்துவ பீடத்திலும் அது நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். முதல் கிழமையிலேயே வீட்டுக்குச் சொல்லுங்கள், திகதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். "எல்லாரும் பட்டதுதான், கொஞ்சம் பொறு" என்று பெற்றோர் சொல்லக்கூடாது.

நான் இப்போது மருத்துவ பீடத்தில் படிக்கிறேன். ஊருக்கு என்ன செய்யலாம்?

விடுமுறையில் வரும்போது உங்கள் பழைய பாடசாலை அதிபரைப் பார்த்து, தரம் 11 வகுப்போடு அரை மணித்தியாலம் கேளுங்கள். உதவ வருகிறவர்கள் எல்லோரும் உயர்தர வகுப்புக்குப் போய்த்தான் பேசுகிறார்கள், அதற்குள் பாடத் தெரிவு முடிந்துவிடுகிறது. எந்தப் பாடம் எந்த வாசலைத் திறக்கும் என்று பலகையில் எழுதிக் காட்டுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு நேரம் இருந்தால், மாதம் ஒரு குப்பி, ஒரே ஒரு தலைப்பு, சூமில். விண்ணப்பம் நிரப்பும் கிழமையில் மட்டும் கைபேசியை நிறுத்தி வைக்காதீர்கள்.